கச்சானும் உடலின் காவலும்

திருவிழா வீதிகளிலே கடதாசிச் சரையில் வாங்கும் வறுத்த கச்சான், மலிவானதும் சத்து மிக்கதுமான உணவாகும். ஆயினும் சிலருடைய உடலுக்கு அதன் ஒரு பருப்பே பேராபத்தாக முடிகின்றது. கச்சானில் நஞ்சு யாதுமில்லை. உடலின் காவலே இங்கு ஏமாந்துவிடுகின்றது.

நோய்களை எதிர்த்தற்கெனக் குருதியிலே பிறபொருளெதிரிகள் எனும் புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஐ.ஜி.ஈ. எனப்படும் ஒருவகையை யப்பானிய விஞ்ஞானிகளான இசிசாக்கா தம்பதியர் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ந்து அறிவித்தனர். கச்சானின் புரதத்தை உடல் பகையெனக் கருதிவிட்டால், அதற்கென இவ்வகைப் பிறபொருளெதிரிகள் தோன்றி, தோலிலும் குடலிலும் மூச்சுக்குழல்களிலுமுள்ள சில கலங்களின்மீது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அவ்வேளையில் வெளியே எவ்வித அறிகுறியும் தோன்றாது. பின்னொரு நாள் கச்சான் உட்சென்றதும், அக்கலங்கள் இசுத்தமீன் முதலிய பொருள்களை ஒருங்கே சொரிகின்றன. தோல் தடித்து அரிக்கும், உதடு வீங்கும், வயிறு குமட்டும். அம்மட்டில் நின்றுவிடின் நன்று. நில்லாவிடின் மூச்சுக்குழல்கள் இறுகும். குருதிக்குழாய்கள் விரிந்து நீர் கசிய, குருதியமுக்கம் சரிந்துவிடும். உயிர் நிலைப்பதும் போவதும் சில நிமிடங்களிலே தங்கியிருக்கும்.

இதற்குரிய மருந்து அதிரினலீன். தொடையின் வெளிப்புறத் தசையில் அதனைத் தாமதமின்றி ஏற்றுதல் வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை இதற்கு ஈடாகாது; அதனை நம்பிக் காத்திருத்தல் வீண். நோயாளியை நடக்கவிடாது படுக்கவைத்தே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மூச்சுத் திணறுவோர் மட்டும் சாய்ந்து அமரலாம். தேறியவர்போலத் தோன்றினும், சில மணி நேரத்தின் பின்னர் அந்நிலை மீளக்கூடும்.

கச்சானைக் குழந்தைகளுக்கு எட்டாது வைத்தலே பாதுகாப்பென வைத்தியர்களும் நெடுங்காலம் எண்ணினர். 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இவ்வெண்ணத்தை அசைத்தது. பிரித்தானியாவில் வாழும் யூதச் சிறுவரிடையே 100 பேருக்கு ஏறக்குறைய இருவர் இவ்வொவ்வாமை உடையவர். இஸ்ரேலிலோ 1,000 பேருக்கு இருவர்கூட இல்லை. இஸ்ரேலியத் தாய்மார், கச்சான் சேர்ந்த பம்பா எனும் தின்பண்டத்தைக் கைக்குழந்தைகளுக்கே ஊட்டுவது வழக்கம்! 2015இல் இலண்டனில் 640 குழந்தைகளைக்கொண்டு நிகழ்த்திய சோதனையின் பெறுபேறும் வெளிவந்தது. கச்சானை விலக்கியவருள் 17.2 வீதத்தினருக்கும், இளமையிலிருந்தே உண்டவருள் 3.2 வீதத்தினருக்குமே ஐந்து வயதில் ஒவ்வாமை காணப்பட்டது.

எனினும் முழுக் கச்சானைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தலாகாது. அது மூச்சுக்குழலில் சிக்கிவிடும். நன்கு அரைத்துக் குழைத்தே ஊட்டல் வேண்டும். கடுங் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாயின், வைத்தியர் சோதித்த பின்னரே தொடங்குதல் தகும்.