அங்கோருக்குப் போகும் முன்



விடுமுறைக் காலம் நெருங்கினால் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் கம்போடியாவின் பெயரும் அடிபடுகிறது. பாங்காக் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போய், அங்கோர் வாட் கோயிலைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், பருப்புப்பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் புத்தகத்துக்கு ஒரு வரி ஒதுக்குகிறவர்கள் குறைவு. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். ஒரு நாட்டுக்குப் போகும் முன் அதன் வரலாற்றையும் பண்பாட்டையும் சொல்லும் நூல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? கம்போடியாவையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

கம்போடியாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. அங்கே போகும் தமிழர்களுக்கென்று தனியாக ஓர் ஆபத்து காத்திருக்கிறது. கோபுரங்களைக் கண்டதும், சுவரில் தேவர்களும் அசுரர்களும் பாற்கடல் கடையும் நீண்ட சிற்பத்தைக் கண்டதும், 'இதெல்லாம் நம்முடையது' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. சோழர் கட்டினார், பல்லவர் கட்டினார் என்று கைபேசியில் வரும் செய்திகள் அந்த முடிவுக்கு முட்டுக்கொடுக்கின்றன. ஆனால் அங்கோர் வாட்டைக் கட்டியவர் கம்போடியாவின் கெமர் இன மன்னர் இரண்டாம் சூரியவர்மன். காலம் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதி. கல் குலேன் மலைப்பகுதியிலிருந்து வந்தது. அதை வெட்டி, இழுத்து, செதுக்கி, அடுக்கியவர்கள் கெமர் மக்கள். இது தெரியாமல் போகிறவர், அவ்வளவு தூரம் பறந்துபோய்த் தன்னையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அந்த மக்களைப் பார்க்க நமக்குக் கண் தருவதுதான் நல்ல புத்தகத்தின் வேலை.

புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எந்த ஆண்டில் எழுதப்பட்டது? எழுதியவர் எங்கே நின்று பார்க்கிறார்?

இதற்கு நம் ஊரோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. வங்காள வரலாற்றறிஞர் ஆர்.சி. மஜும்தார் 1940களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கம்போடியா பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை 1944இல் நூலாக வந்தன. காம்போஜ தேசம், கம்போடியாவில் ஒரு பழைய இந்துக் குடியேற்றம் என்ற பொருளில் அந்த நூலுக்குத் தலைப்பு. உழைப்பு மிகுந்த நூல். ஆனால் அது பிறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியா அடிமைப்பட்டிருந்த காலம். நாமும் ஒரு காலத்தில் கடல் கடந்து நாகரிகம் பரப்பினோம் என்று சொல்லிக்கொள்ள அன்றைய நெஞ்சங்கள் ஏங்கின. அதே 1944இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேதேஸ், தென்கிழக்காசியாவின் இந்துமயமான அரசுகள் பற்றிய தம் பெரும் நூலை வெளியிட்டார். அவர் பிரான்சின் ஆட்சியில் இருந்த இந்தோசீனாவில் இருந்துகொண்டு எழுதியவர். இருவரிடமும் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் இந்த நூல்களோடு நின்றுவிட்டால், வெளியிலிருந்து வந்ததை வாங்கிக்கொண்ட மக்களாக மட்டுமே கெமர்கள் தெரிவார்கள்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் வேறு கேள்விகளைக் கேட்டார்கள். இந்தியப் படை எதுவும் அங்கே போய் நாடு பிடித்ததற்குச் சான்று இல்லை. வணிகரும் அந்தணரும் துறவிகளும் போனார்கள். உள்ளூர் அரசர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துத் தங்கள் போக்கில் மாற்றிக்கொண்டார்கள். கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது என்பது உண்மை. அந்த எழுத்தில் அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது அதைவிடச் சுவையானது. அங்கோர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் இரண்டு மொழிகள் இருக்கும். தெய்வத் துதியும் மன்னன் புகழும் சமஸ்கிருதச் செய்யுளில் வரும். கோயிலுக்கு விட்ட நிலம், அதன் எல்லை, அளக்க வேண்டிய நெல், ஊழியம் செய்கிறவர்களின் பெயர்கள் எல்லாம் கெமர் மொழியில் வரும். சோழர் செப்பேடுகளில் சமஸ்கிருதப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் இப்படித்தானே வேலையைப் பிரித்துக்கொள்கின்றன! தமிழ்ப் பகுதியை விட்டுவிட்டுச் சோழ நாட்டு ஊரையும் உழவையும் அறிய முடியுமா? முடியாது என்பது நமக்குத் தெரியும். கம்போடியாவுக்கும் அதே நியாயம்தான். கெமர்ப் பகுதியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நூலைத் தேடுங்கள்.

அத்தகைய நூலுக்கு ஒரு பெயர் கேட்டால், டேவிட் சாண்ட்லர் எழுதிய கம்போடிய வரலாற்றைச் சொல்வேன். 1983இல் முதலில் வந்து, பிறகு பலமுறை திருத்தப்பட்ட ஆங்கில நூல். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும், பிந்தைய பதிப்பையே தேடி எடுங்கள்.

அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் உறவே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. காம்போஜ மன்னன் முதலாம் இராஜேந்திர சோழனுக்குத் தேர் ஒன்றை அனுப்பி நட்பு நாடியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் காம்போஜ மன்னன் அளித்த அரிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இந்தக் காம்போஜம் கம்போடியாதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். தேரும் கல்லும் இரண்டு அரசுகளுக்கு இடையே போய்வந்த பரிசுகள். அந்த உறவைப் பெருமையோடு சொல்லலாம். கட்டியவன் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம்.

அடுத்ததாக, நேரில் கண்டவர் எழுதிய நூல் ஒன்று வேண்டும். கம்போடியாவுக்கு அப்படி ஓர் அருமையான நூல் கிடைத்திருக்கிறது. சீனத் தூதுக் குழுவில் ஒருவராக 1296இல் அன்றைய தலைநகரான அங்கோருக்கு வந்து, ஏறத்தாழ ஓராண்டு தங்கியவர் சௌ தாகுவான். அவருடைய குறிப்புகள் நாற்பது சிறிய பகுதிகளாக நம் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்றிரண்டு மாலைகளில் படித்து முடித்துவிடலாம். மன்னரின் ஊர்வலத்தை அவர் விரிவாகச் சொல்கிறார். கையில் வாளோடு மன்னர் யானைமேல் நின்றபடி வருகிறார். ஆனால் என்னைக் கட்டிப்போடுவது அவர் காட்டும் சந்தை. வாங்குவதும் விற்பதும் பெண்கள். காலையில் கூடும் சந்தை நண்பகலில் கலைந்துவிடும். கடை என்று கட்டடம் கிடையாது. தரையில் பாய் விரித்துப் பொருளைப் பரப்புகிறார்கள். வணிகம் பெண்கள் கையில் இருப்பதால், வந்து இறங்கும் சீனர்கள் முதலில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை மணந்துகொள்கிறார்களாம். சாதாரண மக்களின் வீட்டுக்கு ஓலையும் புல்லும்தான் கூரை, ஓடு போட அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு பயோன் கோயிலுக்குப் போங்கள். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோயில் அது. கோபுரங்களில் இருக்கும் பெரிய முகங்களைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் வெளிச்சுற்றின் தென்புறச் சுவருக்கு வாருங்கள். மேலே போர்ப் படகுகள். கீழே கண் மட்டத்தில் சந்தை! தராசு பிடித்த பெண், மீன் விற்கும் பெண், அடுப்பில் வேகும் சோறு, சேவற்சண்டையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம். சௌ தாகுவான் வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கியவை இவை. அவருடைய எழுத்தும் இந்தச் சுவரும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதை நீங்கள் நின்ற இடத்திலேயே காணலாம். அன்றைக்கு நண்பகலில் சியம் ரீப் நகரின் சந்தைக்குள் நுழைந்தால், காய்கறிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து விலை பேசும் பெண்கள் உங்களுக்குப் புதியவர்களாகத் தெரிய மாட்டார்கள்.

சௌ தாகுவானைத் தேர்ந்தெடுக்கும்போது மொழிபெயர்ப்பையும் பாருங்கள். பழைய ஆங்கிலப் பதிப்புகள் பிரெஞ்சு வழியாக வந்தவை. பீட்டர் ஹாரிஸ் 2007இல் வெளியிட்டது சீன மூலத்திலிருந்தே நேராகச் செய்தது. இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். அவர் ஒரு பேரரசின் ஆள். தம் நாட்டு வழக்கத்தோடு ஒத்துவராததை அவர் ஏளனமாகப் பார்க்கும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் அவரை நம்பாமல், அவர் கண்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'அங்கோரைக் கண்டுபிடித்தவர்' என்று பிரெஞ்சு இயற்கையியலாளர் ஆன்ரி மூவோவின் பெயரைப் பல நூல்கள் சொல்லும். அவர் அங்கே போனது 1860இல். அவருடைய நாட்குறிப்பு அழகானதுதான். ஆனால் அங்கோர் வாட் அதற்கு முன் தொலைந்துபோகவில்லை. புத்த பிக்குகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1632இல் வந்த ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் எழுதிவைத்த வரிகள் இன்றும் அதன் தூணில் இருக்கின்றன. மக்கள் வழிபட்டுக்கொண்டிருந்த கோயிலை ஒருவர் வந்து கண்டுபிடித்தார் என்று எழுதும் புத்தகத்தை, அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடலாம்.

இனி நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகிறேன். கம்போடிய நூல் எதை எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைப் புரட்டுங்கள். கதை அங்கோரின் வீழ்ச்சியோடு, 15ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டால், அது இடிபாடுகளைப் பற்றிய நூல். அந்த மக்களைப் பற்றி அறிய இன்னொன்றும் வேண்டும்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தது. நகரத்தையே காலிசெய்து மக்களை வயல்களுக்கு விரட்டியது. 1979 ஜனவரி 7 அன்று அந்த ஆட்சி விழுவதற்குள் பசியாலும் நோயாலும் உழைப்பாலும் கொலையாலும் இறந்தவர்கள் பதினேழு இலட்சம் பேர் அளவில் இருப்பார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. ஒருவர் வீட்டுக்குப் போகும் முன் அந்த வீட்டின் நல்லது கெட்டதை விசாரித்துக்கொண்டு போவது நம் வழக்கம். துக்கம் நடந்த வீடு என்று தெரியாமல் போய் உரக்கச் சிரித்துவிடக் கூடாது என்ற கவனம் நமக்கு உண்டு. கம்போடியாவில் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஏறத்தாழ ஒவ்வொருவரும் அந்த ஆட்சியைக் கடந்து வந்தவர். உங்களை டுக்டுக் வண்டியில் கோயிலுக்கு அழைத்துப் போகும் பெரியவரும் அவர்களில் ஒருவராக இருப்பார்.

அந்தக் காலத்தை அறிய வான் நாத் எழுதிய சிறு நூலைப் படியுங்கள். அவர் பட்டம்பாங் ஊரில் விளம்பரப் பலகைகளும் சினிமாத் தட்டிகளும் வரைந்துகொண்டிருந்த ஓவியர். 1978இன் தொடக்கத்தில் புனோம் பென்னில் இருந்த துவோல் ஸ்லெங் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். அது முன்னர் ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளைச் செங்கல் சுவர் வைத்துத் தடுத்துக் கொட்டடிகளாக்கியிருந்தார்கள். அங்கே கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களில் உயிரோடு மீண்டவர்கள் மிகச் சிலர். வான் நாத் பிழைத்தது ஓவியம் வரையத் தெரிந்ததால். கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உருவத்தை வரைய அவரை வைத்துக்கொண்டார்கள். விடுதலைக்குப் பின் அவர் அந்தச் சிறையில் நடந்ததை வரைந்தார். 1998இல் நூலாகவும் வெளியிட்டார். 2009இல் சிறைத் தலைவர் மீதான விசாரணையில் நேர் நின்று சாட்சி சொன்னார். 2011இல் காலமானார். அவர் வரைந்த படங்கள் அந்தச் சிறையிலேயே, இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. நூலைப் படித்தவர் அந்தப் படங்களுக்கு முன் நின்று தற்படம் எடுக்க மாட்டார்.

கம்போடியர்கள் எழுதிய நூல்கள் கடையில் குறைவாகத் தெரிவதற்கும் அந்த ஆட்சியே பெரிய காரணம். எழுதக்கூடிய ஒரு தலைமுறையே அழிக்கப்பட்டது. ஆசிரியர்கள், நடனக் கலைஞர்கள், கவிஞர்கள் மாண்டார்கள். தேசிய நூலகத்தின் நூல்கள் வீதியில் வீசப்பட்டன. அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் எடுத்துப்போகும் நூல்களில் ஒன்றாவது ஒரு கம்போடியரின் குரலாக இருக்கட்டும்.

அவர்களுடைய ஒரு கதையையும் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே இராமாயணத்துக்கு ரியாம்கேர் என்று பெயர். அதில் இராவணனின் மகளான சுவண்ண மச்சா என்ற மீன்கன்னி, கடலில் போட்ட பாலத்தின் கற்களைக் கலைக்க வருகிறாள். வந்தவள் அனுமன்மேல் காதல் கொள்கிறாள். இந்தக் காட்சியை மேடையில் ஆடும்போது, பிரம்மச்சாரி அனுமனுக்கா காதல் என்று முகம் சுளிக்காமல், இது அவர்கள் வளர்த்த அனுமன் என்று ரசிக்க முடிந்தால், நீங்கள் படித்தது பலித்தது என்று பொருள்.

ஆக, எந்த நாட்டுக்குப் போவதானாலும் மூன்று நூல்கள் போதும். பழமையிலிருந்து அண்மைக் காலம் வரை சொல்லும் ஒரு வரலாறு, திருத்திய பதிப்பாக. அந்த மண்ணில் நடந்து பார்த்த ஒருவரின் குறிப்பு. அந்நாட்டவர் ஒருவரே தம் வாழ்வைச் சொன்ன நூல். வாங்க வசதியில்லை என்றால் கன்னிமாரா நூலகத்திலும் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் தேடிப் பாருங்கள்; உங்கள் மாவட்ட மைய நூலகரிடம் கேளுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால், கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி, இரவு உணவுக்குப் பின் சில பக்கங்கள் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

நம் ஊர்க் கோயிலுக்கு வரும் வெளிநாட்டவர் ஒருவர் இராஜராஜனின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால் நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! சூரியவர்மனின் பெயரையும் ஜெயவர்மனின் பெயரையும் வான் நாத்தின் பெயரையும் அறிந்துகொண்டு போய், அந்த மகிழ்ச்சியை அவர்களுக்கு நாம் கொடுப்போம். விருந்தினராகப் போகிற நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை இதுதான்.