முதல் ஆர்.சி. கார்: வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரண்டு மாதம் முன்பு காலையில் பால் வாங்க இறங்கி வந்த இரண்டாம் மாடி அம்மாவின் கணுக்காலில் ஒரு ரிமோட் கார் மோதியது. மூன்று நாள் வீக்கம். எல்லோரும் என் பேரனைத்தான் நினைத்தீர்கள். அவனும் தாத்தாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. உண்மையில் ரிமோட் என் கையில்தான் இருந்தது. அன்றே அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்று சபையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு வளாகத்தில் ரிமோட் கார்களே கூடாது என்று தீர்மானம் போடலாம் என்றார்கள். அதே வாரம் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள், "சார், லீவுக்குப் பையனுக்கு எந்தக் கார் வாங்கலாம்?" என்று என்னிடமே கேட்டார்கள். செயலாளர்தான், "இரண்டுக்கும் சேர்த்து நீங்களே பேசிவிடுங்கள்" என்றார். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, இரண்டு முறை தவறாக வாங்கி மூன்றாம் முறை சரியாக வாங்கியதுதான்.

முதல் தவறு, பொம்மைக் கார். பளபளப்பான பெட்டி, பெரிய சக்கரம், நல்ல சத்தம். பதினோராம் நாள் உள்ளே ஒரு பல்சக்கரம் தேய்ந்து நின்றுவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால், "பார்ட்ஸ் எல்லாம் வராது சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். வங்கி மொழியில் சொன்னால், முழுத் தொகையும் வாராக்கடன்.

இங்கேதான் பொம்மைக்கும் ஹாபி கிரேடு என்பதற்கும் வித்தியாசம். ஹாபி கிரேடு காரில் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, ரிசீவர், பேட்டரி எல்லாம் தனித்தனி. எது போனாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கட்டுப்பாடும் அப்படித்தான். பொம்மையில் பெரும்பாலும் முழு இடம், முழு வலம், முழு வேகம். இதில் விரலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். வளையத்தை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு வளைவு.

இந்தப் பொழுதுபோக்கு நேற்று வந்ததல்ல. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 என்ற காரை 12-ல் ஒரு பங்கு அளவில் ரேடியோ காராக விற்றது. 1984-ல் அவர்கள் கொண்டுவந்த கிராஸ்ஹாப்பர் என்ற சின்ன மணல் வண்டி, பல நாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் கார் ஆனது. பிள்ளைகளே திருகாணி முடுக்கிக் கட்டும் பெட்டி அது. 2005-ல் அதையே மறுபடி வெளியிட்டார்கள். உதிரி பாகமும் ஆதரவும் இருந்தால் ஒரு கார் எத்தனை காலம் ஓடும் என்பதற்கு இது சாட்சி.

என் இரண்டாவது தவறு, வேகம். பொம்மையில் ஏமாந்த கோபத்தில், கிடைத்ததிலேயே வேகமான ஒன்றை வாங்கினேன். அந்தக் கார்தான் அம்மாவின் காலில் மோதியது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், அந்த அடி 2 கிலோ கல்லை சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அதாவது நம் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து. அதே கார் 20 கிலோமீட்டரில் வந்தால் ஒன்றரை மீட்டர் உயரம்தான். வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. அன்று என் விரல் முழுதாக அழுத்தாமல் இருந்ததால் வீக்கத்தோடு போயிற்று.

எனவே, முதல் கார் வாங்குகிறவர்கள் "எவ்வளவு வேகம்?" என்று தொடங்க வேண்டாம். நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள்.

முதல் கேள்வி, எங்கே ஓட்டப் போகிறோம்? வழவழப்பான தார்த் தளத்தில் ஓடும் தாழ்வான பந்தயக் கார், டிரிஃப்ட் கார் எல்லாம் நம் வடக்கனந்தலுக்கு ஒத்துவராது. இங்கே இருப்பது செம்மண், சரளைக்கல், களத்து மேடு, கோடையில் காய்ந்த ஏரிப்படுகை. அடிப்பாகம் உயரமாகவும் சக்கரம் பெரிதாகவும் இருக்க வேண்டும். நமக்குப் பொருந்துவது இரண்டு வகை. ஒன்று, 10-ல் ஒரு பங்கு அளவிலான டிரக். திறந்த வெளியில் ஓட இது நல்லது. மற்றொன்று கிராலர். இது மனிதன் நடக்கும் வேகத்தில் கல்லின் மேல் ஏறி இறங்கும். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். வேகம் கிடையாது, ஆனால் இழுவை இருக்கிறது. கிராலரும் அந்த ரகம். வளாகத்துக்குள்ளேயே ஓட்ட நினைப்பவர்களுக்கும், என் வயதுக்காரர்களுக்கும், பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் நான் கிராலரையே சொல்வேன். நான்கு செங்கல், ஒரு பலகை, கொஞ்சம் ஜல்லி இருந்தால் ஒரு மலையே தயார். கல்வராயன் மலை வரை போக வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி, உதிரி பாகம் கிடைக்குமா? பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து பொருள்களைக் கேளுங்கள்: முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம், அச்சுத் தண்டு, பெரிய பல்சக்கரம், சர்வோ, மேல்கூடு. உடைவது பெரும்பாலும் இவைதான். இவை இந்தியாவில் இருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நம் ஊரில் இதற்குக் கடை இல்லை. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியரில்தான் வர வேண்டும். அமெரிக்காவின் டிராக்ஸாஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் கொடுத்து விற்கின்றன. அந்த எண் முறை இல்லாத கார் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி, மோட்டார் எது? பிரஷ் உள்ள மோட்டார், பிரஷ் இல்லாத மோட்டார் என்று இரண்டு உண்டு. பிரஷ் இல்லாதது வேகம், ஆயுள், விலை மூன்றிலும் அதிகம். பிரஷ் உள்ளது காலப்போக்கில் தேயும், ஆனால் மாற்ற அதிகம் செலவாகாது, வேகமும் கைக்கு அடங்கும். முதல் காருக்கு அது போதும். சில கார்களில் சக்தியைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி நிலை இருக்கிறது. சில ரிமோட்களில் வேக வரம்பு வைக்கத் திருகு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள். நைட்ரோ என்று எரிபொருளில் ஓடும் காரும் உண்டு. அந்தச் சத்தமும் புகையும் அடுக்குமாடிக்கு ஆகாது, விட்டுவிடுங்கள்.

நான்காவது கேள்வி, மொத்தச் செலவு என்ன? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஏன் இவ்வளவு விலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஹாபி கிரேடு கார்கள் இறக்குமதி. பொம்மைகளுக்கும் மாதிரி வண்டிகளுக்கும் ஒரே சுங்கத் தலைப்பு. அதன் வரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70 ஆகவும் உயர்ந்தது. 100 ரூபாய்ப் பொருளுக்கு 70 ரூபாய் சுங்கம், அதன் மேல் ஜி.எஸ்.டி., அதன் மேல் கடைக்காரர் லாபம். வெளிநாட்டு இணையக் கடையில் குறைந்த விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டாவது பேட்டரி, நல்ல சார்ஜர், அறுகோண ஸ்க்ரூ டிரைவர், சில உதிரி பாகம். உங்கள் பட்ஜெட் 100 ரூபாய் என்றால் 65 ரூபாய்க்குக் காரைப் பாருங்கள், 35-ஐ ஒதுக்கி வையுங்கள். நான் 100-க்கும் காரை வாங்கிவிட்டு, முதல் உடைசலுக்கே கையைப் பிசைந்தேன்.

இப்போது குழு கவனிக்க வேண்டிய பகுதி, பேட்டரி. என் பார்வையில் காலில் மோதும் காரைவிட இதுதான் பெரிய ஆபத்து. இரண்டு வகை வரும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கொஞ்சம் கனம், ஆனால் சாது. லித்தியம் பாலிமர் இலேசு, சக்தி அதிகம், தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும். லித்தியத்தில் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். ஓட்டாமல் வைக்கும்போது 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். செல்களைச் சமன்செய்யும் பேலன்ஸ் சார்ஜர்தான் பயன்படுத்த வேண்டும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. மெத்தை, செருப்பு அலமாரி, மீட்டர் அறை, மாடிப்படிக்கு அடியில் எங்கும் சார்ஜ் போடக் கூடாது. தரை ஓட்டின் மேல், தீத்தடுப்புப் பையில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு போடுங்கள். உப்பிய பேட்டரியை அன்றே ஓய்வு கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் பேட்டரி நிக்கல் வகையாகவே இருக்கட்டும்.

வெளிநாட்டில் உள்ள மகன், மகள் கொண்டு வருவதாக இருந்தால், உதிரி லித்தியம் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணி வரை விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டு வரலாம். 7.4 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 37. பயமில்லை.

ஓட்டும் முறை கொஞ்சம். ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு கார். நிறுத்தும்போது முதலில் கார், பிறகு ரிமோட். மாற்றிச் செய்தால் கார் தன்னிச்சையாகப் பாயலாம். இன்றைய கார்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், தன் ரிமோட்டை மட்டும் அடையாளம் கண்டு ஓடுகின்றன. அதனால் நான்கு பேர் சேர்ந்து ஓட்டினாலும் ஒன்றுக்கொன்று குழம்பாது. எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. கார் நம்மை விட்டுப் போகும்போது இடம் இடம்தான். நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். அன்று எனக்கு நேர்ந்ததும் இதுவே. அம்மாவை விட்டு விலக்குவதாக நினைத்துத் திருப்பினேன், அவர் பக்கமே திரும்பியது. இதற்கு மருந்து, இரண்டு செருப்பை ஐந்தடி இடைவெளியில் வைத்து அவற்றைச் சுற்றி எட்டுப் போடுவது. பைக் உரிமம் வாங்க நாம் போட்ட அதே எட்டு. ஒரு பேட்டரி தீரும் வரை மெதுவாகப் போட்டால் விரலுக்குப் புரிந்துவிடும்.

அந்த வேகமான காரை விற்றுவிட்டேன். இப்போது இருப்பது ஒரு கிராலர். போன மாதம் அதில் முன் ஆர்ம் உடைந்தது. பாகம் கூரியரில் வர ஐந்து நாள். வந்ததும் பேரன் தானே உட்கார்ந்து ஆறு திருகாணியைக் கழற்றி மாட்டினான். அந்த ஒன்றரை மணி நேரம் அவன் செல்போன் கேட்கவில்லை. தடை வேண்டாம் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

தடைக்குப் பதிலாக ஐந்து விதிகளை முன்வைக்கிறேன். ஒன்று, பால் வரும் நேரத்தில் கார் ஓடாது. இது அந்த அம்மா சொன்ன நிபந்தனை, அதனால் முதலிடம். இரண்டு, கார் நிறுத்துமிடத்திலும் வாயில் பாதையிலும் ஓட்டக் கூடாது. பின்பக்கக் காலி இடத்தில் மட்டும், மாலை 5 முதல் 6 வரை. மூன்று, வளாகத்துக்குள் நடை வேகம் மட்டுமே. வேகக் கார்கள் வெளியே திறந்த வெளிக்குப் போகட்டும். நான்கு, பொது இடத்தில் சார்ஜ் போடக் கூடாது. ஐந்து, பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

அந்தப் பெரியவர் ரிமோட்டைப் பிடுங்கி ஓட்டக் கூடாது என்று ஆறாவது விதி போடலாமா என்று என் பேரன் கேட்கிறான். அதைக் குழுவின் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.