அத்தி பூக்கிறது



ரொம்ப நாள் வராத உறவினர் வாசலில் வந்து நின்றால், "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கீங்க" என்று கேட்போம். அத்தி பூத்து யாரும் கண்டதில்லை. பூக்காமலே காய்க்கிறது என்று நினைத்து, ஆல், அத்தி போன்ற மரங்களுக்குக் 'கோளி' என்று தனிப் பெயரே வைத்தார்கள் நம் முன்னோர். முப்பது ஆண்டுகளாக அந்த மரங்களின் அடியில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: அத்தி பூக்கிறது. ஆண்டுக்குப் பல தடவை பூக்கிறது.

பச்சையாக இருக்கும் அத்திக்காய் ஒன்றை எடுத்து பிளேடால் இரண்டாக வகுந்து பாருங்கள். உள்ளே வெல்வெட் விரித்ததுபோல நூற்றுக்கணக்கான பூக்கள் நடுவை நோக்கித் தலை நீட்டியிருக்கும். நாம் காய் என்று சொல்வது உட்புறமாகச் சுருட்டி மூடிய ஒரு பூங்கொத்து. நுனியில் செதில் செதிலாக அடைத்த ஒரு வாசல் உண்டு. ஊசி நுழைவதற்கே சிரமப்படும் வாசல் அது.

அந்த வாசல் வழியாகத்தான் ஒரு குளவி உள்ளே போகிறது. எள்ளைவிடச் சிறியது. நாட்டு அத்திக்கு செரட்டோசோலன் ஃபுஸ்கிசெப்ஸ், ஆலமரத்துக்கு யூப்ரிஸ்டினா மசோனி என்று மரத்துக்கு மரம் குளவி வேறு. நுழையும்போதே இறக்கை பிய்ந்துபோகும், உணர்கொம்பும் ஒடியும். திரும்பி வருவதற்கு வழி கிடையாது. உள்ளே இருக்கும் பூக்களில் மகரந்தத்தைத் தூவி, சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கும். சில வாரங்களில் அடுத்த தலைமுறை பிறக்கும். இறக்கையில்லாத ஆண் குளவிகள் முதலில் வந்து, பெண்களோடு இணைந்து, காயின் சுவரைக் குடைந்து வழி செய்து கொடுத்துவிட்டு மடியும். பெண்கள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் பறந்து போகும். அவற்றுக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு.

அந்த ஒரு நாளுக்குள் இன்னொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரே மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே பருவத்தில் இருக்கும் என்பதால் பிறந்த மரத்தில் இடமில்லை. இத்தனை கட்டடங்களுக்கு நடுவே, இந்தக் காற்றில், எள்ளளவு உயிர் எப்படி வழி கண்டுபிடிக்கிறது? வாசனையால். பூக்கள் தயாரானதும் காய் ஒரு மணத்தை வெளிவிடுகிறது. பல வேதிப்பொருள்களின் கலவை அது. நம் மூக்குக்கு அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை. குளவி உள்ளே போய் வேலை முடிந்ததும் அந்த மணம் மாறிவிடும். பழுக்கும்போது வேறொரு மணம் வரும். அது வௌவாலுக்கும் மற்ற விலங்குகளுக்கும் உரியது.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனீ போர்ஜஸும் அவருடைய மாணவர்களும் நம் நாட்டு அத்தியை வைத்தே இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். காய்க்கொத்தைப் பையால் மூடி, உள்ளிருக்கும் காற்றை மெல்ல உறிஞ்சி, மணத்தை ஒரு சிறு குழாயில் பிடித்து, அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பார்கள். முசுறு எறும்புகூடக் காயின் மணத்தையும் குளவியின் மணத்தையும் மோப்பம் பிடிக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். காய்க்கு வெளியே நின்றே துளைபோட்டு முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. அவற்றின் துளையூசியின் முனையில் துத்தநாகம் ஏறியிருப்பதை அதே நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தத் துறைக்குப் பெயர் வேதிச் சூழலியல். நம் ஊருக்குப் புதிதல்ல. நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் 1963இல் பூச்சி ஆய்வுப் பிரிவைத் தொடங்கிய பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன், ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள இலைப்பேன்களுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். செடியின் வேதியியலும் பூச்சியின் வாழ்வும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அவர் எழுதியவை என் தலைமுறைக்குப் பாடம். நான் இந்தப் படிப்பை எடுத்தபோது என் பெரியப்பா, "பூச்சியைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டார். இன்று பட்டம் பெறும் உங்களில் பலரையும் இப்படிக் கேட்டிருப்பார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று கலிபோர்னியாக் கதையைச் சொல்வேன். 1880களில் அங்கே துருக்கியிலிருந்து ஸ்மிர்னா சீமை அத்தியைக் கொண்டுபோய் நட்டார்கள். மரம் செழித்தது, காயோ பிஞ்சிலேயே உதிர்ந்தது. தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூட விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள். மரம் வந்தது, அதன் குளவி வரவில்லை, அவ்வளவுதான். 1899இல் குளவி அங்கே நிலைகொண்ட பிறகுதான் விளைச்சல் கண்டார்கள்.

ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். மெல்லிய துணிப்பை கட்டி வைத்த காய்களை ஊருக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது எல்லாக் காயிலும் துளை இருந்தது. பையின் அடியில் தூசியாக இறந்த குளவிகள். மூன்று மாத வேலை. அன்றிலிருந்து, மரம் சொல்லும் நேரத்துக்குத்தான் நான் போகிறேன்.

மயிலாப்பூர் மாட வீதியில் காலையில் மல்லிகை மொட்டு வாங்கி முகர்ந்து பாருங்கள், பெரிதாக மணம் இருக்காது. அந்தியில் அதே மொட்டு தலையில் விரியும்போதுதான் வீடே மணக்கும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக உண்டான மணம் அது. நாம் பதியன் போட்டு வளர்க்கும் மல்லிகை விதை வைப்பது அபூர்வம். ஆனாலும் செடி தவறாமல் கூப்பிடுகிறது.

அந்தக் கூப்பாடு இப்போது எட்டவேண்டிய இடத்துக்கு எட்டுவதில்லை என்பதே என் கவலை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சொல்கிறது: வாகனப் புகையும் ஓசோனும் சேர்ந்து இரவில் உண்டாக்கும் நைட்ரேட் வினைப்பொருள் பூ மணத்தின் சில கூறுகளைச் சிதைக்கிறது, அப்படிச் சிதைந்த மணமுள்ள பூக்களுக்கு அந்துப்பூச்சிகளின் வரவு 70 சதவீதம் குறைந்தது. தி.நகர் உஸ்மான் சாலையில் மாலை ஏழு மணிக்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1882 முதல் பிரம்மஞான சபையின் இல்லமாக இருக்கும் தோட்டத்தில், அடையாறு ஆலமரம் நிற்கிறது. ஏறக்குறைய 450 வயது என்கிறார்கள். 1989இல் புயற்காற்றில் நடு அடிமரம் சாய்ந்தது. விழுதுகள் தாங்கி இன்றும் நிற்கிறது. அத்தனை பெரிய மரத்தில் விதை முற்றுவதற்கு, எங்கோ இன்னொரு ஆலிலிருந்து ஒரே நாள் ஆயுள் கொண்ட குளவி வந்தாக வேண்டும். அந்த இன்னொரு மரம் கிண்டி பூங்காவில் இருக்கலாம், ஒரு கோயில் வாசலில் இருக்கலாம், உங்கள் தெருமுனையில் இருக்கலாம்.

சாலையை அகலப்படுத்த, வாகனம் நிறுத்த, குப்பை விழுகிறது என்று சொல்லி நாம் வெட்டுவது பெரும்பாலும் அந்த இன்னொரு மரத்தைத்தான். குயிலும் குக்குறுவானும் வௌவாலும் அதன் பழத்தை நம்பி இருக்கின்றன. நீங்கள் வேதியியல் படித்திருக்கலாம், வணிகவியல் படித்திருக்கலாம், நாளை மாநகராட்சியில் கையெழுத்துப் போடும் இடத்தில்கூட உட்காரலாம். உங்கள் தெருவில் ஓர் ஆலோ அரசோ அத்தியோ இருந்தால், அதை வெட்ட ஆள் வரும் நாளில் தயவுசெய்து வெளியே வந்து நில்லுங்கள். வந்தவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லி, ஒரு காயைப் பிளந்து காட்டுங்கள்.