மனப்பிணியும் வைத்திய இன்ஷூரன்ஸும்



நம் மரபினர் இல்லங்களில் சித்தக்கோளாறு உற்றார் ஒருவர் இருப்பின், அச்செய்தி வாயிற்படி தாண்டாவண்ணம் காத்தலையே கடமையெனக் கொண்டுள்ளோம். பெண் கொள்வாரும் கொடுப்பாரும் பின்வாங்குவரென்னும் அச்சமே காரணம். அவ்வச்சம் வைத்திய இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்திலும் புகுந்துவிட்டது. நோயை மறைத்துக் கையொப்பமிடுகின்றோம். ஆண்டுதோறும் பிரீமியமும் கட்டுகின்றோம். ஆஸ்பத்திரியிற் சேர்த்தபின், பழைய மருந்துச்சீட்டொன்றைக் கண்டு கம்பெனியார் பணம் மறுப்பின் யாரை நோவது?

சட்டமோ நமக்குத் துணையாகவே உளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவில், உடற்பிணிக்குப் போலவே மனப்பிணிக்கும் இன்ஷூரன்ஸ் ஏற்பாடு செய்யுமாறு கம்பெனிகளைப் பணிக்கின்றது. அஃது அமலுக்கு வந்தது 2018 மே 29இல். ஆயினும் கம்பெனிகள் விரைந்தனவா? மனப்பிணி பாலிஸியில் விலக்கப்பட்டதெனக் கூறிப் பணம் மறுத்த வழக்கொன்றில், 2021இல் டில்லி ஹைகோர்ட்டு நோயாளர்க்கே நியாயம் வழங்கிற்று. 2022 அக்டோபர் 31க்குள் பாலிஸிகள் யாவும் சட்டத்துக்கு இணங்கவேண்டுமென இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் கட்டளையிட நேர்ந்தது.

ஆகவே நோயின் பெயர், உண்ணும் மருந்து, ஆஸ்பத்திரியிற் றங்கிய காலம் யாவற்றையும் உள்ளபடி எழுதுவோமாக. கம்பெனியார் நம் வீட்டிற் பெண் கேட்டு வருவாரல்லர்! முன்னரே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம், 2024 ஏப்ரல் முதல் புதிய பாலிஸிகளில் 36 மாதத்துக்கு மேற்படலாகாது. விண்ணப்பத்தையே தள்ளும் கம்பெனியும் உண்டு. ஏஜெண்டின் வாய்ச்சொல்லோடு திரும்பாது, காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குதல் வேண்டும். பணம் மறுக்கப்பட்டு, முறையீட்டுக்கு ஒரு மாதத்தில் விடை வாராவிடின், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் செல்லலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டா. சென்னையிலும் அவ்வலுவலகம் உளது.