தங்கவயலின் கையெழுத்து

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

சரக்கை நாடு விட்டு நாடு அனுப்பும் தொழிலில் இருப்பவன் நான். ஏற்றுமதி செய்பவருக்காகவும் இறக்குமதி செய்பவருக்காகவும் சுங்கத் துறை முன்னால் நிற்பது, ஆவணங்களைத் தயார் செய்வது, பெட்டி கப்பலேறும் வரை அதைப் பின்தொடர்வது, இவைதான் என் வேலை. இந்தத் தொழிலைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கடல் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கோலார் தங்கவயலை உண்டாக்கியது கடல் தாண்டி வந்த சரக்குதான்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. லண்டனிலிருந்து வரும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை போனது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1864-ல், சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் தண்டு (கன்டோன்மென்ட்) வரை ரயில் வந்துவிட்டது. இந்த இரண்டும் இல்லையென்றால் 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் இங்கே வந்து ஆழச் சுரங்கம் தோண்டியிருக்க முடியுமா என்பது என் சந்தேகம். பூமிக்குள் தங்கம் கிடந்தது உண்மை. அதை எடுக்கத் தேவையான நீராவி எந்திரம், பம்பு, கல்லை இடிக்கும் உலக்கை ஆலை, இரும்பு வடம் எதுவும் இங்கே செய்யப்படவில்லை. பவுரிங்பேட்டை வரை, அதாவது இன்றைய பங்காரப்பேட்டை வரை ரயிலில் வந்ததை, அங்கிருந்து மாட்டு வண்டிகள் இழுத்து வந்தன. மாரிகுப்பம் வரை கிளைப் பாதை போட்டது 1894-ல்தான்.

1902-ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். காவிரிக் கரையில் சிவசமுத்திரத்தின் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்த கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். பெங்களூரின் தெருவிளக்குக்கு மூன்று ஆண்டுகள் முன்பே இங்கே மின்சாரம் வந்தது என்பது இந்த ஊருக்கு எப்போதுமே பெருமை. அதை ஒரு சரக்குக்காரன் கண்ணோடு பாருங்கள். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, ஜோலி டி லாட்பினியர் என்ற பொறியாளர் முன்னின்று செய்த வேலை அது. மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. ஒன்று அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். மற்றொன்று கடலே இல்லாத நாட்டிலிருந்து கிளம்பி, வேற்று நாட்டுத் துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். இரண்டு கண்டங்களில் செய்த இரண்டு எந்திரங்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது காவிரிக் கரையில். அங்கே ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும். ஒரு பாகம் வழியில் உடைந்தாலோ, ஒரு பெட்டி வேறு துறைமுகத்தில் தவறுதலாக இறங்கினாலோ, மாற்றுப் பாகம் வந்து சேர மாதக்கணக்காகும். கடல் கடந்து பேசத் தொலைபேசி கிடையாது, தந்தி மட்டும்தான். ரயில் நின்ற இடத்துக்கு அப்பால் யானைகளும் குதிரைகளும் வண்டிகளும் பாரத்தைச் சுமந்தன. 1902 ஜூன் 30 அன்று, 92 மைல் கம்பி வழியாக மின்சாரம் இங்கே வந்து சேர்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் பெட்டிகளை யாரோ மிகச் சரியாக எண்ணியிருக்கிறார்கள் என்பதுதான். நியூயார்க்கிலோ ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றிலோ ஒரு குமாஸ்தா, ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, எந்தப் பெட்டி முதலில் திறக்கப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அவர் எழுதியது சரியாக இருந்ததால்தான் தங்கவயலில் விளக்கு எரிந்தது.

உள்ளே வந்தவை இவை. வெளியே போனது தங்கம். நூற்று இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் என்று கணக்குச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் அது கட்டிகளாகக் கப்பலேறி லண்டன் போனது. இந்தப் போக்குவரத்தில் நம் தாத்தாக்கள் எங்கே இருந்தார்கள்? வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, லைன் வீடுகளில் குடியேறி, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, பாறையை உடைத்து மேலே அனுப்பினார்கள். அந்தச் சரக்கைப் பற்றிய எந்த ஆவணத்திலும் அவர்கள் கையெழுத்து இல்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது கைரேகை. திருட்டைத் தடுக்கிறோம் என்று சொல்லித் தொழிலாளர்களைக் கைரேகையோடு பதிவு செய்யும் விதி வந்தபோது, 1930-ல் இந்த ஊர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் என்று சொல்லிக்கொள்ள அன்று அவர்களுக்குப் பெரிய பலம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பதிவு செய்யாதீர்கள் என்று சொல்லும் துணிவு இருந்தது. என் தொழிலை நினைக்கும்போதெல்லாம் அந்த வேலைநிறுத்தம் என் நினைவுக்கு வரும். கைரேகை ஒரு மனிதனைச் சந்தேகிப்பதற்காக வாங்கப்படுவது. கையெழுத்து அவனை நம்பி வாங்கப்படுவது. எல்லை தாண்டும் வாணிபம் முழுவதும் இந்த இரண்டாவதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். எல்லை என்றதும் முள்வேலியோ துறைமுகமோதான் நம் மனதில் வரும். நீங்களும் உங்கள் அண்ணன் அக்காக்களும் பெங்களூர் வேலைக்குப் போகும் ரயில் வைட்ஃபீல்டில் நிற்கிறதே, அங்கே இந்தியாவின் ஓர் எல்லை இருக்கிறது. வைட்ஃபீல்டின் உள்நாட்டு கன்டெய்னர் முனையத்தில் சுங்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அங்கேயே சோதனை முடிந்து முத்திரை வைக்கப்பட்ட பெட்டிகள், ரயிலேறிப் பங்காரப்பேட்டை வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்குப் போகின்றன. பங்காரப்பேட்டை நடைமேடையில் நீங்கள் வண்டிக்குக் காத்திருக்கும்போது கடந்து போகும் நீளமான கன்டெய்னர் ரயில், நாட்டை விட்டுக் கிளம்பச் சுங்க அனுமதி பெற்றுவிட்ட சரக்கைச் சுமந்து போவதாக இருக்கலாம்.

அந்தப் பெட்டியை எல்லை தாண்ட விடுவது எது? இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், எந்த நாட்டில் செய்தது என்ற சான்றிதழ். அதிகாரி ஒவ்வொரு பெட்டியையும் உடைத்துப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் உலக வாணிபம் ஒரே வாரத்தில் நின்றுவிடும். பெரும்பாலான பெட்டிகள் எழுதிக் கொடுத்ததை நம்பி விடப்படுபவை.

உங்களுக்குப் பழக்கமான பொருளையே எடுத்துக்கொள்வோம். 1964-ல் தொடங்கிய பிஇஎம்எல் நிறுவனத்தின் ஆலை இந்த ஊரில் மண் தள்ளும் புல்டோசர்களைச் செய்கிறது. இப்படி ஒரு புல்டோசர் வெளிநாடு போவதாக வையுங்கள். சுங்கத்துக்கு அதன் பெயர் புல்டோசர் அல்ல, ஓர் எண். உலகம் முழுவதும் 1988 முதல் நடைமுறையில் இருக்கும் வகைப்பாட்டில், முழு இயந்திரம் 8429 என்ற தலைப்பில் வரும். அதற்கே உரிய உதிரிப் பாகங்கள் 8431-ல் வரும். இரண்டுக்கும் அந்த நாட்டில் வரி வேறாக இருக்கலாம். மண் தள்ளும் அலகைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்தால், அது இயந்திரத்தோடு போகிறதா, உதிரியாகப் போகிறதா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். மூடிய கன்டெய்னருக்குள் இயந்திரம் அடங்காது. பக்கச் சுவர் இல்லாத தட்டில் கட்டி ஏற்றலாம், அல்லது இயந்திரம் தானே ஓடி ஏறி இறங்கும் வகைக் கப்பலில் அனுப்பலாம். அதைத் தாங்கும் மரக்கட்டைகள் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்மையம் வரை 30 நிமிடம் சூடாக்குவது போன்ற ஏற்கப்பட்ட முறையில் பதப்படுத்தப்பட்டு, கதிர் முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சி இன்னொரு நாட்டுக் காட்டை அழித்துவிடக்கூடாது என்பதற்கான விதி அது. பழைய இயந்திரமாக இருந்தால் ஆஸ்திரேலியாவில் அதன் சங்கிலியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தேடிப் பார்ப்பார்கள். தங்கத்துக்காக நாம் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய மண், அங்கே ஒரு சரக்கையே திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும்.

முத்திரை இல்லாத ஒரு மரத்தட்டுக்காக ஒரு பெட்டி முழுவதும் துறைமுகத்தில் வாரக்கணக்கில் நின்றதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். கடைசியில் அந்தச் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிடும். சிறிய ஏற்றுமதியாளர் அதோடு தொழிலையே விட்டுவிடுவார். பெரிய நிறுவனம் தாங்கும், சின்னவர் தாங்கமாட்டார். அதனால்தான் நல்ல சுங்க முகவரின் தேவை சின்னவருக்கே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பணம் போவது மட்டுமே இழப்பு என்று எண்ணிவிடாதீர்கள். 2021 மே மாதம், கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பற்றியது. அதில் நைட்ரிக் அமிலம் ஏற்றிய ஒரு பெட்டி வழியிலேயே கசியத் தொடங்கியிருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அந்தப் பெட்டியை இறக்கிக்கொள்ளக் கேட்டார்கள், ஏற்கப்படவில்லை. கப்பல் பயணத்தைத் தொடர்ந்தது. நாள்கணக்கில் எரிந்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கத் தொடங்கியது. அரிசி மணி அளவிலான பிளாஸ்டிக் உருண்டைகள் நீர்கொழும்புக் கரையெங்கும் குவிந்தன. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் போக முடியவில்லை. நீர்கொழும்பில் வலை பின்னுகிற குடும்பத்துக்கும் எங்கோ ஒரு கிடங்கில் அந்த அமிலப் பெட்டியை அடுக்கியவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரு பெட்டி அவர்களைத் தொடர்புபடுத்திவிட்டது.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய பாறைப் பொடிக் குவியல்களான சைனைடு மேடுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். பாறைப் பொடியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் சைனைடு, இன்றும் உலகில் கப்பலேறும்போது நச்சுப் பொருளுக்கான 6.1 என்ற வகுப்புச் சீட்டோடுதான் போகிறது. திட சோடியம் சைனைடுக்கு ஐ.நா. எண் 1689. வெடிமருந்து முதல் வகுப்பு. அந்தச் சீட்டை ஒட்டாமல், சாதாரண ரசாயனம் என்று எழுதினால் சரக்குக் கட்டணம் குறையும். அப்படி எழுதச் சொல்லி உங்களிடமும் ஒருநாள் யாராவது வருவார்கள். காற்றடிக்கும் நாளில் அந்த மேட்டுத் தூசி யார் வீட்டுக்குள் போனது, யார் நெஞ்சில் தங்கியது என்பதை உங்கள் பாட்டிகளைக் கேளுங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மறைப்பதன் விலையை, நம்மை விடத் தெரிந்தவர்கள் குறைவு.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியது. உங்களில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். மூடிய சுரங்கத்தின் நினைவோடு ஒரு தலைமுறை, காலை ரயிலில் நின்றபடியே பெங்களூர் போய் வந்தது. அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இன்று நிலைமை மாறியிருக்கிறது. இதே கோலார் மாவட்டத்தின் நரசாபுராவில், 2023-ல் விஸ்ட்ரானிடமிருந்து டாடா வாங்கிய ஆலையில் ஐபோன்கள் செய்யப்பட்டு வெளிநாடு போகின்றன. ஓசக்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வழியாக ஆந்திராவைக் கடந்து திருப்பெரும்புதூர் வரை போகும் விரைவுச் சாலை, நம் ஊரின் பக்கமாகவே செல்கிறது. சாலை வந்தால் கிடங்குகள் வரும். கிடங்குகள் வந்தால் காவலுக்கும் சுமைக்கும் ஆள் கேட்பார்கள். அந்த வேலைகளில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. எனினும் நம் பிள்ளைகளை அதற்கு மட்டுமே கேட்பதை நாம் ஒப்புக்கொள்ளக்கூடாது. சரக்கு நம் தெரு வழியாகவே போகும், ஆவணம் மட்டும் வேறெங்கோ எழுதப்படும் என்றால், 1880-லிருந்து நாம் ஓர் அடிகூட நகரவில்லை.

உங்களிடம் ஒரு பெரும் தகுதி இருக்கிறது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் உருது, வகுப்பில் ஆங்கிலம் என்று இயல்பாக மாறி மாறிப் பேசுகிறீர்கள். நள்ளிரவில் பலமநேர் அருகே லாரி பழுதாகி நிற்கும்போது, ஓட்டுநரிடம் தெலுங்கிலும், ஆலை மேலாளரிடம் கன்னடத்திலும், சென்னைத் துறைமுக முனையத்தில் இருப்பவரிடம் தமிழிலும், ஹாம்பர்க்கில் காத்திருப்பவரிடம் ஆங்கிலத்திலும் ஒருவரே பேசிச் சிக்கலை முடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஆளைத் தேடி நாங்கள் அலைகிறோம். இங்கே ஒரு மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்தத் தொழிலுக்குள் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமாகத் தங்கைகள் கவனிக்க வேண்டும். துறைமுக வேலை ஆண்களுக்கானது என்று சொல்லிச் சொல்லியே உங்களை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். உரிமம் பெற்ற ஒரு சுங்க முகவரிடம் முதலில் எச்-கார்டு என்ற அடையாள அட்டையோடு உதவியாளராகச் சேருங்கள். ஷிப்பிங் பில்லை எப்படி நிரப்புவது, அதிகாரி ஏன் கேள்வி எழுப்புகிறார், சரியான எண்ணை எப்படித் தேடுவது என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும். சுங்கச் சட்டம் 1962-ஆம் ஆண்டினுடையது. அதையும் வரி அட்டவணையின் விளக்கக் குறிப்புகளையும் பொறுமையாகப் படியுங்கள். பிறகு துறை நடத்தும் தேர்வில் தேறினால் அடுத்த நிலை அட்டையான ஜி-கார்டு கிடைக்கும். பட்டத்தோடு இரண்டு ஆண்டு ஜி-கார்டு அனுபவமும் இருந்தால், சொந்த உரிமத்துக்கான தேர்வையே எழுதலாம். உதவியாளர் பெட்டியைப் பின்தொடரலாம், கோப்பைச் சுமக்கலாம். பெட்டியில் இருப்பது இதுதான் என்று அரசுக்கு முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடும் அதிகாரம், முகவரின் பணியாளர்களில் ஜி-கார்டு நிலைக்கு உயர்ந்தவர்களுக்குத்தான் உண்டு. உங்களில் சிலராவது இன்னும் சில ஆண்டுகளில் அந்தக் கார்டோடு வைட்ஃபீல்டில் இறங்குவீர்கள் என்று நம்புகிறேன். அப்போது என் அலுவலகத்துக்கும் வாருங்கள், சேர்ந்து வேலை செய்வோம்.