ஆஸ்பத்திரியிலும் மந்திரமா?

(அம்பத்தூர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



கலியாணத்தில் புரோகிதன் நமக்குப் புரியாத பாஷையில் எதையோ சொல்ல, நாமும் தலையாட்டித் தக்ஷிணையும் கொடுத்து வந்தோம். அந்த மானக்கேட்டை ஒழிக்கவே சுயமரியாதைத் திருமணம் வந்தது. 1967-ல் அண்ணா ஆட்சி அதற்குச் சட்டம் செய்தபோது, மணமக்கள் தங்களுக்குப் புரிந்த பாஷையில் சம்மதம் சொன்னால் போதும் என்றே எழுதிற்று.

இப்பொழுது ஆஸ்பத்திரியில் ஒரு புதுப் புரோகிதம் நடக்கிறது. 2021 செப்டம்பரில் இந்திய சர்க்கார் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்பதை நாடு முழுமைக்கும் தொடங்கிற்று. ‘ஆபா’ என்று 14 இலக்க நம்பர் ஒன்று தருகிறார்கள். அதன் மூலம் நம் ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு முதலியவை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குக் கம்ப்யூட்டர் வழியே போகும். நல்ல காரியந்தான். ஆவடியில் எடுத்த எக்ஸ்ரேயைப் பூவிருந்தவல்லியில் மறுபடியும் எடுக்க வேண்டியதில்லை. விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை.

யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்தக் குறிப்பு, எத்தனை நாளைக்கு என்று சொல்லி, நம் அனுமதி பெற்றே அனுப்பவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். நம்பர் இல்லையென்று வைத்தியத்தை மறுக்கக்கூடாது என்று 2020 டிசம்பர் கொள்கையிலேயே உண்டு. ஆனால் கியூவில் நடப்பதென்ன? “போனில் நம்பர் வந்ததா, சொல்லு” என்கிறார்கள். இங்கிலீஷில் பக்கம் பக்கமாய் எழுத்து. அடியில் ‘சம்மதம்’ என்று ஒரு கட்டம். விரல் அமுக்குகிறது. இது மந்திரத்துக்குத் தலையாட்டுவதல்லாமல் வேறென்ன?

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். காசநோய் கண்டவன் சங்கதி எஸ்டேட் முதலாளிக்கு எட்டினால் வேலை நிலைக்குமா? ஒரு பெண் கர்ப்பத்தைக் கலைத்த சங்கதி புருஷன் வீட்டுக்கு எட்டினால்? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் தெரிந்தது 1986-ல், இதே சென்னையில். அந்த நோயாளியின் சம்மதமின்றி அதை வெளியிடக்கூடாது என்று தனிச் சட்டம் வந்ததோ 2017-ல்! இடையே 31 வருஷம். அதற்குள் வேலையும் வீடும் உறவும் இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

2023-ல் எல்லோருக்குமாக ஒரு தகவல் பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். சம்மதம் கட்டாயமின்றி, விஷயம் தெரிந்து கொடுத்ததாக இருக்கவேண்டும். கேட்கிற வாசகத்தைத் தமிழில் பார்க்கவும் வழி தரவேண்டும். கொடுப்பதுபோலவே வாபஸ் வாங்குவதும் சுலபமாயிருக்கவேண்டும். உயிருக்கு ஆபத்தான சமயத்துக்கு விலக்கு உண்டு, அது நியாயம். மானியம், சலுகை என்ற பெயரால் சர்க்கார் தனக்கும் ஒரு விலக்கு வைத்துக்கொண்டது. அது எனக்கு நியாயமாய்ப் படவில்லை. 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டபோது, சம்மதப் பிரிவுகளுக்கு 18 மாத வாய்தா வேறு கொடுத்தார்கள்!

வாய்தா அவர்களுக்குத்தான், நமக்கல்ல. நாளைக்கே அந்த ஜன்னலில், “ஐயா, இதைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பின்னால் நிற்கிறவர் முறைப்பார். அவர் காதிலும் விழும்படி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.