தவறி வந்த செபம்



நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "சாமி, வலி கூடினால் ஒரு செபமும் வாயில் வரமாட்டேன் என்கிறது. பாதியிலேயே மறந்துபோகிறது. ஆண்டவர் கோபித்துக்கொள்வாரோ?" இந்தக் கேள்விக்கு இன்று ஒரு குருவானவரின் வாழ்க்கையில் பதில் தேடுவோம்.

அவர் பெயர் பிரான்சிஸ் சாம்ப்சன். 1912இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்து, 1941இல் குருப்பட்டம் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் இராணுவ ஆன்ம குருவாக, கேப்டன் பதவியில், பாராசூட் படையினரோடு சேர்ந்தார். 1944 ஜூன் 6 அன்று, விடியுமுன்னே, நார்மண்டி மண்ணில் குதித்தார். விழுந்தது ஆளை மூழ்கடிக்கும் தண்ணீரில். பாராசூட் இழுத்துச் சென்றது. தப்பிக் கரையேறியவர் மீண்டும் அதே தண்ணீருக்குத் திரும்பினார். திருப்பலிப் பொருள்கள் வைத்திருந்த பை உள்ளே கிடந்தது. பலமுறை மூழ்கி அதை எடுத்தார்.

அங்கே ஒரு பண்ணை வீட்டில் காயமுற்ற வீரர்களைக் கிடத்தியிருந்தார்கள். படைப்பிரிவு பின்வாங்க வேண்டிய நிலை வந்தது. நடக்க முடியாதவர்களைத் தூக்கிச் செல்ல வழியில்லை. சாம்ப்சன் அவர்களோடு தங்கிவிட்டார். ஜெர்மானிய வீரர்கள் வந்து, அவரைப் பிடித்துச் சென்று நிறுத்தி, சுடுவதற்குத் தயாரானார்கள்.

மரண நேரம். உத்தம மனத்துயர் செபம் சொல்ல முயன்றார். ஆனால் வாயில் வந்ததோ உணவுக்கு முன் சொல்லும் செபம்! பதற்றத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னாளில் தம் நினைவு நூலில் அவரே இதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்நேரம் இன்னொரு ஜெர்மானிய வீரர் வந்து தடுத்தார். அவரும் கத்தோலிக்கர், சட்டைக்குள் குத்தியிருந்த சுரூபப் பதக்கத்தைக் காட்டினார். சாம்ப்சன் விடுவிக்கப்பட்டார். எங்கே போனார்? அதே காயமுற்றவர்களிடம்.

பிரியமானவர்களே, இறையியல் படித்த குருவுக்கே செபம் மாறிப்போனது. அதற்காக ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா? நாம் எப்படிச் செபிப்பது என்று அறியாதபோது தூய ஆவியாரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதவில்லையா? அந்தக் குருவின் நாவு தடுமாறியது. ஆனால் ஓடாமல் தங்கிய அவர் கால்கள் ஏற்கெனவே செபித்துவிட்டன. கூலிக்கு மேய்ப்பவர் ஓநாயைக் கண்டு ஓடுவார். நல்ல ஆயர் ஓடமாட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் பெல்ஜியத்தின் பஸ்தோன் அருகே அவர் பிடிபட்டார். போர் முடியும் தறுவாய்வரை கைதிகள் முகாமில், கைதிகளுக்குக் குருவாக இருந்தார். 1967இல் அமெரிக்கத் தரைப்படையின் ஆன்ம குருக்களுக்குத் தலைவரானார். 1996இல் இறைவனடி சேர்ந்தார்.

இன்னொன்றையும் கவனிப்போம். சாவின் முன்னே அவர் வாயில் தானாக வந்தது எந்தச் செபம்? தினமும் சாப்பாட்டு மேசையில் சொன்ன செபம். ஆகவே இன்றிரவு டிவியை நிறுத்திவிட்டு, பிள்ளைகளோடு அமர்ந்து, உணவுக்கு முன் அவசரமின்றிச் செபிப்போம். நினைவு தவறும் நாளில் நம் நாவில் மிஞ்சப்போவது அதுதான். நம் வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்குச் செபம் வராவிட்டால், கையைப் பிடித்தபடி அருகில் இருப்போம். அதுவும் செபமே.

ஆமென்.